பரோட்டா எழுத்து

"ரிஜெக்ட்! நிறுத்துங்க! தலைகீழா ஒட்டிட்டீயளே!"

ரூபா போட்ட சத்தத்தில் தகரக் கூரைமேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் படபடவென்று பறந்து போயின. எனக்கும் அவற்றோடு பறந்து போய்விடலாம் போலிருந்தது.

அருள்புரத்தில் பனியன் துணிக்கு அச்சடிக்கிற ஒரு பிரிண்டிங் யூனிட். ஞாயிற்றுக்கிழமை அரை ஷிப்ட் முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்ட மத்தியானம். நீளமான அச்சு மேசையின் இந்தப் பக்கம் பாபு, எதிர்ப்பக்கம் ரூபா. நடுவில், கம் தடவி ஒட்டிய ஒரே ஒரு வெள்ளைத் துணி. அதில் அப்போதுதான் அச்சாகி, ஈரம் காயாமல் நீலமாக மின்னிக்கொண்டிருந்தது நான் வரைந்த இரண்டு எழுத்து. மேசையின் தலைமாட்டில் கையைப் பிசைந்துகொண்டு நான்.

பாபுவின் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் சுண்டிப்போயிருந்தது. ரூபா ரிஜெக்ட் என்றது துணியை. அவன் காதில் விழுந்தது வேறு.

அது ஏன் என்று சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒரு அடி முன்னால் வைத்தால் பத்து அடி பின்னால் போகிறவள் நான் என்பது இந்தத் தொடரை வாராவாரம் பொறுத்துக்கொள்பவர்களுக்குத் தெரியும்.

எஸ் என்றால் எப்படித் தைத்தாலும் எஸ்

போன வாரம் நான் லேபிள் செக்கிங்கில் வேலை பார்த்த கதையை எழுதியிருந்தேன். அங்கே கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை எழுத மறந்துவிட்டேன். அது இந்த வாரத்துக்கென்றே காத்திருந்தது போலிருக்கிறது.

பனியனின் கழுத்தில் சைஸ் சொல்லும் குட்டி லேபிள் இருக்குமே, அதை அவசரத்தில் தலைகீழாகத் தைத்துவிடுவது டெய்லர்களின் வழக்கம். எம் தலைகீழானால் டபிள்யூ ஆகிவிடும். அப்படி ஒரு சைஸ் உலகத்திலேயே கிடையாது. எல் தலைகீழானால் ஏதோ கொக்கி மாதிரி தொங்கும். இரண்டுக்கும் திட்டு உறுதி. ஆனால் எஸ் மட்டும் எப்படித் தைத்தாலும் எஸ். தலைகீழாகத் தைத்தவருக்கும் தெரியாது, செக் பண்ணுகிற எனக்கும் தெரியாது, வாங்கிப் போடுகிறவருக்கும் தெரியாது.

அந்த எஸ் மேல் எனக்கு ஒரு காதலே வந்துவிட்டது. எப்படிக் கவிழ்த்தாலும் நிமிர்ந்து நிற்கிற எழுத்து! சீட்டுக்கட்டு ராஜாவுக்கு இரண்டு பக்கமும் தலை இருப்பது போல. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ் மூடியில் விரலால் எழுதி எழுதித் திருப்பிப் பார்ப்பேன். கூட இருந்த பெண்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே முடிவு செய்தார்கள்.

இப்படித் திருப்பினாலும் படிக்க முடிகிற எழுத்துக்கு ஆம்பிகிராம் என்று பெயர் இருப்பது, நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, டிசைன் வரைகிற வேலைக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. வகை வகையாக இருக்கிறது. திருப்பினாலும் அதே பெயராகப் படிப்பது ஒன்று. திருப்பினால் வேறு பெயராகப் படிப்பது இன்னொன்று. பின்னதுதான் கஷ்டம். பின்னதுதான் சுகமும்.

யூனிட் முதலாளி சலீம் பாய்க்கு ஒருமுறை இதைக் காட்டினேன். மாடியில் ஒரு அறையை எனக்குக் கொடுத்து, டிசைனுக்கு டிசைன் என்னைத் திட்டிக்கொண்டே பாராட்டுகிற மனிதர். ஏற்றுமதிக்காரர் ஒருவர் அட்டைப்பெட்டிக்கு லோகோ கேட்டிருந்தார். லோடு ஏற்றுகிறவர்கள் பெட்டியை எப்படிக் கவிழ்த்து அடுக்கினாலும் பெயர் நேராகத் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. வரைந்த தாளை பாயிடம் நீட்டினேன். படித்தார். தாளைத் திருப்பினேன். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"இது என்னம்மா, பரோட்டா மாதிரி ரெண்டு பக்கமும் வெந்திருக்கு?" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் யூனிட்டில் அதற்குப் பரோட்டா எழுத்து என்றே பெயர்.

கழுத்து யார் பக்கம்?

பனியன் அச்சு எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் கதை தலைகீழாகிவிடும்.

தைத்து முடித்த பனியனில் நாங்கள் அச்சடிப்பதில்லை. வெட்டிய துணியாக வரும்போதே, முன்பக்கத் துண்டை மட்டும் மேசையில் வரிசையாக ஒட்டிவிடுவோம். மேலே ஸ்கிரீனை, அதாவது டிசைன் பதித்த வலைச் சட்டத்தை வைத்து, அதில் பேஸ்ட் என்கிற கெட்டி மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் இழுக்க வேண்டும். பெரிய ஸ்கிரீன் என்றால் ஒரு ஆளின் கை எட்டாது. ஒருவர் பாதி தூரம் தள்ளுவார். எதிரே நிற்பவர் மீதியை இழுத்துக்கொள்வார். ரப்பர் நடுவில் கை மாறும் இடத்தில் இருவர் அழுத்தமும் ஒன்றாக இல்லையென்றால் துணியில் கோடு விழும்.

பாபு, ரூபா மேசையில் கோடு விழுந்து நான் பார்த்ததில்லை.

துணியை ஒட்டும்போது கழுத்து எப்போதும் ரூபா பக்கம்தான் இருக்கும். அதனால் எழுத்து பாபுவுக்கு நேராகத் தெரியும். ரூபாவுக்குத் தலைகீழாகத் தெரியும். இரண்டு வருஷமாக அவள் பார்க்கிற பூ, புலி, பொம்மை, ஆங்கில வாசகம் எல்லாமே தலைகீழ்தான்.

அதனாலேயே அவள் கண்ணுக்கு ஒரு கூர்மை வந்திருந்தது. நாமெல்லாம் எழுத்தைக் கண்டால் உடனே படித்துவிடுகிறோம். படித்துவிட்டால் பார்க்க மாட்டோம். அவள் படிப்பதில்லை, வெறும் வடிவமாகப் பார்ப்பாள். எங்கே மை வழிந்திருக்கிறது, எங்கே ஓரம் பிசிறியிருக்கிறது என்று சட்டென்று சொல்வாள். ஆகவே எந்த டிசைனாக இருந்தாலும் முதலில் ஒன்று அடித்துப் பார்க்கிற மாதிரியை, எங்கள் பாஷையில் ஸ்ட்ரைக் ஆஃப், ரூபா பார்த்து ஓரத்தில் மார்க்கரால் ஓகே என்று எழுதினால்தான் வேலை ஓடும். பாயே அவள் பேச்சுக்கு மறுபேச்சு பேச மாட்டார்.

அவளுக்கு ஒரே விதி. கழுத்து தன் பக்கம் இருக்கும்போது எழுத்து தனக்குத் தலைகீழாகத் தெரிய வேண்டும். நேராகத் தெரிந்தால் ஸ்கிரீனைத் திருப்பி வைத்துவிட்டார்கள், அல்லது துணியை மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். ரிஜெக்ட்.

இந்த விதியை நான் நன்றாக அறிந்தவள். அறிந்தும் அன்றைக்கு எனக்கு அது நினைவுக்கே வரவில்லை பாருங்கள். யானைக்கும் அடி சறுக்கும்.

பச்சை குத்தப் போனவன்

பாபுவுக்குச் சொந்த ஊர் குண்டடம் பக்கம். வீட்டில் காடு, மாடு எல்லாம் உண்டு. விவசாயம் அண்ணன் பார்த்துக்கொள்ள, இவன் இங்கே அச்சு மேசைக்கு வந்துவிட்டான். பேச்சு ரொம்பக் குறைவு. "ஆமாங்க", "இல்லீங்க", "ஆகட்டுங்க" என்ற மூன்றையும் வைத்துக்கொண்டே ஒரு மாதத்தை ஓட்டிவிடுவான்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் மாடியேறி வந்து, கதவைச் சாத்திவிட்டு, போனை நீட்டினான்.

"ஏனுங்கக்கா, இந்த மாதிரி தமிழ்ல வருமுங்களா?"

யாரோ ஒருவர் மணிக்கட்டில் குத்திக்கொண்ட டாட்டூ. ஆங்கிலத்தில் ஒரு பெயர். கையை அந்தப் பக்கம் திருப்பினால் இன்னொரு பெயர்.

எனக்குக் கரும்பு தின்னக் கூலியா? நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டேன். டாட்டூக்காரர்களுக்குள் ஓயாத ஒரு சண்டை உண்டு என்றேன். கையில் பெயர் குத்தினால் அது குத்திக்கொண்டவரைப் பார்த்து நேராக இருக்க வேண்டுமா, எதிரே நிற்பவரைப் பார்த்தா? தனக்கு நேராக இருந்தால் ஊருக்குத் தலைகீழ். ஊருக்கு நேராக இருந்தால் தனக்குத் தலைகீழ். நம் உடம்பில் நமக்கே வாசிக்க வராத எழுத்து எதற்கு என்பார் ஒருவர். காட்டிக்கொள்ளத்தானே குத்துகிறோம் என்பார் இன்னொருவர். இந்தச் சண்டையை ஒரே வெட்டாக வெட்டுவது பரோட்டா எழுத்து ஒன்றுதான் என்றேன்.

அவன் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றான்.

"சரி, என்னென்ன பேர்?"

"ஒரு பக்கம் எம் பேருங்க."

"இன்னொரு பக்கம்?"

சுவரைப் பார்த்தான். ஃபேனைப் பார்த்தான். என் கீபோர்டைப் பார்த்து மெல்லச் சொன்னான். "ரூபாங்க."

நான் கத்தியிருப்பேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ரூபாவிடம் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். அவளுடைய அண்ணன் ஊரில், திருநெல்வேலிப் பக்கம், ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருக்கிறாராம். வருகிற ஞாயிறு ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டாயிற்று. போனால் பூ வைத்துவிடுவார்கள்.

"அவங்களுக்கு அதுல இஷ்டமான்னு எனக்குத் தெரியலீங்கக்கா. கேக்கோணும். கேக்க வாய் வரமாட்டீங்குது. கையில குத்திட்டுப் போய் நின்னா புரிஞ்சுக்குவாங்கன்னு..."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏப்பா, அவ சரின்னே சொல்லல, அதுக்குள்ள ஊசியால குத்திட்டுப் போய் நிப்பியா? வேண்டாம்னா கையை வெட்டிப் போடுவியா? இல்ல, குத்திட்டானே பாவம்னு அவ கட்டிக்கணுமா?"

தலை குனிந்துகொண்டான். எனக்கே பாவமாகிவிட்டது.

"பனியன்ல போடலாம்," என்றேன். "பனியன்னா கழட்டிடலாம்."

பிறகு அவன் சொன்னதைக் கேட்டபோதுதான், இந்தப் பையனுக்காகக் கண் விழித்து வரையலாம் என்று எனக்குத் தோன்றியது.

"ஞாயித்துக்கிழம எல்லாரும் போனதுக்கப்புறம் ஸ்ட்ரைக் ஆஃப் மாதிரி ஒண்ணே ஒண்ணு போடறனுங்க. நாலு பேரு முன்னால கேட்டு அவங்களச் சங்கடப்படுத்தக் கூடாதுங்க. பாத்துட்டு அவங்க ஓகேன்னா ஓகே. ரிஜெக்ட்டுன்னு சொன்னாங்கன்னா மருந்து போட்டு ஸ்கிரீனக் கழுவி டிசைனையே அழிச்சுப் போடறனுங்க. அப்புறம் அதப் பத்தி ஒரு பேச்சுப் பேச மாட்டனுங்க. நீங்களும் நடுவுல வாயத் தொறக்கக் கூடாதுங்க. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

இந்த இதழைத் திருப்பிப் பாருங்கள்

இனி நான் சொல்லப்போவது என் வாழ்க்கையின் பெரிய சந்தோஷங்களில் ஒன்று. கல்யாணம், குழந்தை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் இதுவும் இருக்கிறது.

தமிழில் இது வருமா என்று எனக்கே சந்தேகம்தான். நம் எழுத்துகள் சுழியும் வளைவுமாக இருப்பவை. ஆங்கில எஸ் போலக் கவிழ்த்தால் நிமிர்ந்து நிற்குமா? ஒரு தாளை எடுத்து, கட்டம் போட்ட மாதிரி தடித்த கோட்டில் பாபு என்று எழுதினேன். தாளைத் திருப்பினேன்.

நீங்களும் செய்து பாருங்கள். வேறு தாள் வேண்டாம். 'பா' என்று இந்த இதழில் அச்சாகியிருக்கிறதே, இதழை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள்.

என்ன தெரிகிறது? பா! ப கவிழ்ந்தால் துணைக்கால். துணைக்கால் கவிழ்ந்தால் ப. இரண்டும் இடம் மாறி மறுபடி பா. யாரும் வரையாமல், யாரும் திட்டமிடாமல், இத்தனை நூற்றாண்டாக நம் எழுத்துக்குள் இது சும்மா உட்கார்ந்திருக்கிறது. நான் எத்தனை ஆயிரம் முறை அதை எழுதியிருப்பேன்!

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பாபுவைத் திருப்பினால் கடைசியில் 'பா' வருகிறது. ரூபாவின் கடைசியிலும் 'பா'. அப்படியென்றால் இன்னும் தீர்க்க வேண்டியது ஒரே ஒரு எழுத்து. பாபுவின் 'பு' கவிழ்ந்து ரூபாவின் 'ரூ' ஆக வேண்டும். அவ்வளவுதான்!

இவர்கள் பெயர் வெங்கடாசலம், பேச்சியம்மாள் என்று இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? நினைத்தாலே வியர்க்கிறது.

அந்த ஒரு எழுத்து என்னைச் சும்மா விடவில்லை. 'பு'வில் வலது கால் கீழே இறங்கும். திருப்பினால் அது இடது பக்கம் மேலே கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். 'ரூ'வில் கொம்புக்கு வேலை இல்லை. மாறாக 'ரூ'வுக்கு வலது காலடியில் ஒரு சுழி வேண்டும். அதைத் திருப்பினால் 'பு'வின் இடது உச்சியில் தேவையில்லாத சுழி. ஒன்றுக்கு உறுப்பாக இருப்பது இன்னொன்றுக்குத் தொந்தரவு.

சமைக்கும்போது வரைந்தேன். தோசைக்கல்லில் மாவால் வரைந்தேன். வீட்டுக்காரர் பொறுமையாக 'பு' வடிவத் தோசையைத் தின்றார். பஸ்ஸில் முன்சீட்டு முதுகில் விரலால் வரைந்தேன். வியாழனும் வெள்ளியும் இப்படியே போயின.

வழி எங்கள் தொழிலிலேயே கிடந்தது. அந்தக் கொம்பை ஊசியாகக் கூராக்கினேன். சுழியை ஊசியிலிருந்து விட்டுப்போன நூல் மாதிரி மெல்லியதாக்கினேன். பாபு என்று படிக்கும்போது ஊசி 'பு'வின் கால், நூல் வெறும் அலங்காரம். திருப்பினால் நூல் 'ரூ'வின் சுழி, ஊசி வெறும் அலங்காரம். கண் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை ஜோடனை என்று விட்டுவிடுகிறது. நம் கண்ணுக்குத்தான் எவ்வளவு பெரிய மனது!

பிரிண்ட் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாபு. ரூபா. பாபு. ரூபா. அறையில் தனியாக நின்றுகொண்டு கைதட்டினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு சுற்று ஆடக்கூடச் செய்தேன்.

பாபுவைக் கூப்பிட்டுத் தாளை அவன் நெஞ்சில் வைத்துப் பிடித்தேன்.

"எனக்கு என்ன தெரியுது தெரியுமா? பாபு. நீ குனிஞ்சு பாரு."

குனிந்து பார்த்தான். பனியன் போட்டவனுக்குத் தன் நெஞ்சில் இருக்கும் எழுத்து எப்போதும் தலைகீழ்தான். உலகத்தில் எல்லோரும் படிக்க, போட்டிருப்பவன் மட்டும் படிக்க முடியாத உடுப்பு அது. அன்று அவன் படித்தான்.

"ஊருக்குப் பாபு. குனிஞ்சா உனக்கு மட்டும் ரூபா," என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது.

வெண்ணெய் திரண்ட நேரம்

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

ரூபாவிடம் "ஒரு சாம்பிள் இருக்குதுங்க, பாத்துட்டுப் போயிருங்க" என்று மட்டும் பாபு சொல்லியிருந்தான். அவளும் ஊருக்குப் போகிற பையைச் சுவரோரம் வைத்துவிட்டு வழக்கம் போல எதிரே வந்து நின்றாள். கழுத்து அவள் பக்கம். ஸ்கிரீன் இறங்கியது. பாபு ரப்பரைப் பாதி தள்ளினான். அவள் மீதியை இழுத்தாள். ஸ்கிரீனைத் தூக்கினார்கள். கோடு இல்லை.

அவள் பார்த்தாள். எழுத்து அவளுக்கு நேராகத் தெரிந்தது.

இரண்டு வருஷப் பழக்கம். அவள் அதைப் படிக்கவே இல்லை. நேராகத் தெரிகிறதா, தப்பு. அவ்வளவுதான் அவள் கண் சொல்லியிருக்கும். தன் பெயரையே தான் படிக்காமல் "ரிஜெக்ட்!" என்று கத்திவிட்டாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

பாபு கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஸ்கிரீனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கழுவுகிற தொட்டியைப் பார்த்து நடந்தான். சொன்ன சொல்லை இப்படியா ஒருவன் காப்பாற்றுவான்!

நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதானே சத்தியம், குறுக்கே நிற்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லையே. கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன், மேசையைக் காட்டினேன்.

"விடுங்கக்கா. அவங்க சொல்லிட்டாங்க," என்றான்.

அங்கே ரூபா, ரிஜெக்ட் ஆன துணியை உரிக்கப் போனாள். கழுத்து மூலையை நகத்தால் கிளப்பியும்விட்டாள். உரித்து மடித்துப் போட்டால் ஈர மை ஒட்டி எல்லாம் நாசம். சத்தியமாவது ஒன்றாவது என்று வாயைத் திறக்கப் போனேன்.

அப்போதுதான் ஆபீஸ் அறையிலிருந்து சலீம் பாய் வந்தார். அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்திருந்தோம். ரூபா போட்ட சத்தம் அவரை எழுப்பியிருக்கிறது. நேராக பாபு வழக்கமாக நிற்கும் பக்கமாக வந்து மேசையைப் பார்த்தார்.

"என்னம்மா சத்தம்? நேராத்தானே இருக்குது?"

"என்னத்த நேரா? கழுத்து என் பக்கம், எழுத்தும் எனக்கு நேராத் தெரியுது. இது தலைகீழ் இல்லாம என்னதாம் பாய்?"

"எனக்கு நேராத் தெரியுதும்மா. பாபுன்னு போட்டிருக்குது."

"பாபுவா? ஏன் பாய், கண்ணாடியப் போடுங்க. இங்க ரூபான்னுல்லா..."

அங்கே நின்றுவிட்டாள்.

இப்போதுதான் படித்தாள். துணியின் மூலையைப் பிடித்திருந்த விரல் மெல்ல விலகியது. கிளப்பிய மூலையைத் திரும்பவும் அழுத்தி ஒட்டினாள்.

பாய் தன் பக்கம் இருந்து ஒருமுறை படித்தார். அந்தப் பக்கம் போய் ஒருமுறை படித்தார். என்னைப் பார்த்தார். தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்கிரீனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற பாபுவைப் பார்த்தார். "அட அல்லாவே," என்று சிரித்துக்கொண்டு, "எனக்கு ஒரு போன் பேசணும்," என்று ஆபீஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் கையில் போனே இல்லை.

ரூபா மேசையைச் சுற்றி வந்தாள். அது நீள மேசை. வேலை நேரத்தில் யாரும் பக்கம் மாறுவது கிடையாது. இரண்டு வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லை. வந்து பாபு வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று படித்தாள். மறுபடி சுற்றிப் போய்த் தன் இடத்தில் நின்று படித்தாள்.

"அக்கா, இத நீங்களா வரஞ்சீய?"

"வரைஞ்சது நான். கேட்டது அவன்." சத்தியம் அதோடு போயிற்று. போகட்டும்.

அவள் பாபுவைப் பார்த்தாள். "ரெண்டு வருசமா எதுக்க நிக்கீய. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டீயளா?"

"சொன்னா நீங்க வேற டேபிளுக்குப் போயிருவீங்களோன்னு..."

"அதுக்கு நான் ஊருக்கே போனாப் பரவால்லயாக்கும்?"

அவன் ஸ்கிரீனை இன்னும் இறுக்கிக்கொண்டான். சட்டை முழுக்க நீலம்.

ரூபா சுவரோரம் இருந்த பையைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தது போல எனக்குத் தோன்றியது. இரண்டு வீட்டுக்கும் ஊர் வேறு, பேச்சு வேறு, இன்னும் என்னென்னவோ வேறு. அதெல்லாம் அவள் கண்ணில் ஓடியிருக்கும். எனக்கு ஓடியது.

பிறகு அடுக்கில் இருந்த துணிக்கட்டைக் காட்டினாள்.

"மீடியத்துல ஒரு பீஸ் எடுங்க."

பாபு ஸ்கிரீனைச் சாய்த்து வைத்துவிட்டு எடுத்தான். கம் தடவினான். வழக்கம் போல அவள் பக்கம் கழுத்தை வைத்து ஒட்டப் போனான்.

"அப்படி இல்ல. கழுத்த உங்க பக்கம் வச்சு ஒட்டுங்க."

அவனுக்கு விளங்கவில்லை. "அப்படி ஒட்டுனா ஊருக்கு உங்க பேருதானுங்களே தெரியும்?"

"ஆமா. இது எனக்கு. ஊருக்கு எம்பேரு தெரிஞ்சாப் போதும். குனிஞ்சா எனக்கு என்ன தெரியும்னு பாருங்க."

பாபு ஈரம் காயாத முதல் துணியில் தன் பெயரைப் பார்த்தான். பார்த்தவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஸ்கிரீன வைங்க," என்றாள் ரூபா. "பேஸ்ட்டு காயுது."